பிறை இருபத்தொன்பதில் வெட்டிய முகத்துவாரம்

நாணல்மடு வட்டையில் வெள்ளம் வரம்புகளை மூடிய அன்று, காலிதீனைத் தேடி முதலில் வந்தவர் அவருடைய ராத்தா, மூத்த சகோதரி ஸைனம்பு. சம்மாந்துறைப் பக்கத்து வயல்களின் தண்ணீரெல்லாம் ஒரே இரவில் இறங்கியிருந்தது. ஸைனம்பு குடையை மடக்கவுமில்லை, உள்ளே வரவுமில்லை. முகத்துவாரத்தை எப்போது வெட்டப் போகிறாய் என்று மட்டும் கேட்டார்.

காலிதீன் விரல் மடித்து எண்ணினார். அன்று பிறை இருபத்தைந்து. இருபத்தொன்பதில் வெட்டலாம் என்றார்.

"நெல்லு என்ன மீனா தம்பி, நாலு நாள் தண்ணிக்குள்ள கிடக்க?"

"இப்ப வெட்டினா வாய் ரெண்டு நாள்ல மூடிப் போயிரும் ராத்தா. இருட்டு வரட்டும்."

ஸைனம்பு அவரை ஒரு தரம் உற்றுப் பார்த்தார். பிறகு, வந்த வழியே தண்ணீரை உழக்கிக்கொண்டு போனார். அவருக்கு இருப்பது மூன்று ஏக்கர் பூமி. கணவர் மவுத்தான பிறகு அதில் வரும் நெல்தான் அவருடைய வருடம். அந்த மூன்று ஏக்கரும் வட்டையின் ஆகப் பள்ளமான மூலையில், ஓடையை ஒட்டிக் கிடக்கிறது.

கல்முனைக்குத் தெற்கே, கடற்கரை வீதிக்கும் சம்மாந்துறை வயல்களுக்கும் நடுவே தாழ்ந்து கிடக்கும் வயல்வெளிதான் நாணல்மடு வட்டை. அதன் தண்ணீர் கண்ணாவோடை வழியாகக் கடலுக்குப் போக வேண்டும். ஆனால் கோடை முழுவதும் கடல் மணலைக் கொண்டுவந்து ஓடையின் வாயில் குவித்து, மேடாக அடைத்துவிடும். மாரி பிறந்து வெள்ளம் சேர்ந்ததும் அந்த மணல்மேட்டை மனிதர்தான் வெட்டிவிட வேண்டும். வெட்டுகிற நாளைக் குறித்துச் சொல்வது காலிதீனின் வேலை.

அவர் வட்டவிதானை. எந்த வாய்க்காலை எப்போது திறப்பது, எந்த மதகை எப்போது அடைப்பது என்று பார்த்துக்கொள்ள விவசாயிகள் கூடித் தெரிவு செய்த ஆள். வயது ஐம்பத்தெட்டு. எதையும் தானே சரிபார்க்காமல் நம்பாதவர் என்று பெயரெடுத்தவர். மருமகன் புதுக் கைக்கடிகாரம் கட்டிக்கொண்டு வந்தபோது, அதைப் பள்ளிவாசல் மணிக்கூட்டோடு ஒத்துப் பார்த்த பிறகுதான் அவனிடம் நேரம் கேட்கத் தொடங்கினார் என்று வீட்டில் இன்னும் சொல்லிச் சிரிப்பார்கள்.

அவர் சந்திரனைப் படிக்கத் தொடங்கியது சுனாமிக்குப் பிறகு. சுனாமி வந்த நாள் போயா, முழு நிலவு நாள். அவருடைய தம்பி றிபாஸையும் அவனுடைய வீட்டாரையும் கடல் கொண்டுபோனது. மையித்துகளை அடக்கி முடித்த கையோடு ஊரில் ஒரு கதை பரவியது: முழு நிலவுதான் கடலை இழுத்து விட்டது என்று. அடுத்த போயா வந்தபோது கரையோரத்துச் சனம் பாயையும் பிள்ளைகளையும் தூக்கிக்கொண்டு சம்மாந்துறைக்கு ஓடியது. காலிதீனும் ஓடினார். கடல் வரவில்லை. அதற்கடுத்த போயாவில் அவர் ஓடவில்லை. கரையில் குந்தியிருந்து பார்த்தார். தம்பியைக் கொன்றது சந்திரனா இல்லையா என்பது அவருக்குத் தெரிந்தாக வேண்டியிருந்தது.

விடை மகள் றுக்ஸானாவின் விஞ்ஞானப் புத்தகத்தில் கிடைத்தது. கடலுக்கடியில் நிலம் அதிர்ந்து எழுந்த அலைக்குச் சந்திரன் பொறுப்பில்லை. அத்தோடு அவர் விட்டிருக்கலாம். ஆனால் அதே பாடத்தில் வற்றுப்பெருக்கைப் பற்றி இரண்டு பக்கம் இருந்தது. அவர் அதைப் பல தடவை வாசித்தார். சந்திரன் பூமியைச் சுற்றுகிறது, இரண்டுமாகச் சேர்ந்து சூரியனைச் சுற்றுகின்றன. சந்திரன் கடலை இழுக்கிறது. எவ்வளவோ தூரத்தில் நின்றாலும் சூரியனும் இழுக்கிறது. மூன்றும் ஒரே வரிசையில் நிற்பது மாதத்தில் இரண்டு தடவை. ஒன்று, சந்திரன் பூமிக்கும் சூரியனுக்கும் நடுவே வந்து கண்ணுக்குத் தெரியாமல் போகும் அமாவாசை. மீன்காரர் அதை இருட்டு என்பார்கள். மற்றது போயா. அந்த நாட்களில் இரண்டு இழுப்பும் ஒன்று சேர்வதால் கடல் கூடுதலாக ஏறும், கூடுதலாக வற்றும். பாதிப் பிறை நாட்களில் சந்திரன் ஒரு பக்கமும் சூரியன் வேறு பக்கமும் இழுக்க, கடல் சோம்பிக் கிடக்கும். கரைவலை இழுப்பதைப் பார்த்து வளர்ந்தவருக்கு இதை விளங்கிக்கொள்வது கடினமாக இருக்கவில்லை. எல்லோரும் ஒரு கயிற்றைப் பிடிப்பது வேறு, ஆளுக்கொரு திசையில் பிடிப்பது வேறு.

புத்தகத்தை அவர் கடலோடு ஒத்துப் பார்த்தார். ஓடை வாயில் சுனாமி உடைத்த பாலத்தின் தூண் ஒன்று நிற்கிறது. அதில் உளியால் கோடு வெட்டினார். வருடக்கணக்காக அந்தக் கோடுகளைப் பார்த்தார். கடல் ஏறும் நேரம் ஒவ்வொரு நாளும் முக்கால் மணித்தியாலத்துக்கு மேல் பிந்துகிறது. பூமி ஒரு சுற்றை முடிப்பதற்குள் சந்திரன் தன் பாதையில் கொஞ்சம் முன்னே போய்விடுவதால், அதை எட்டிப் பிடிக்கப் பூமி இன்னும் சற்றுத் திரும்ப வேண்டியிருக்கிறது. இந்தக் கரையில் கடல் ஏறி இறங்குவது ஒன்றரை முழத்தைத் தாண்டாது. பள்ள வயலுக்கு அது போதும்.

இப்படித்தான் அவருடைய சட்டம் உண்டானது. இருட்டு நாளில் கடல் காலையில் ஏறி, சூரியன் தென்னை உயரம் வந்ததும் திரும்பும். நண்பகல் லுஹர் தொழுகைக்குப் பிறகு ஆக வற்றிக் கிடக்கும். அது திரும்பும் நேரத்தில் வாயை வெட்டினால், உள்ளே உயர்ந்து நிற்கும் வெள்ளம் கடல் இறங்க இறங்க அதன் பின்னாலேயே பாய்ந்து, மணலை அடியோடு அரித்து, ஆழமான வாயைத் தானே தோண்டிக்கொள்ளும். சோம்பல் கடலில் வெட்டினால் வெள்ளம் மெல்ல வடியும், அலை வந்து மணலை மறுபடி நிரப்பிவிடும். அவர் விதானையான பிறகு வந்த மாரிகளில் வெட்டிய வாய் ஒன்றும் மூடிப் போகவில்லை. அதனால் கூட்டங்களில் உத்தியோகத்தர்கள்கூடக் கடைசியில் அவர் பக்கம் திரும்பி, விதானையார் என்ன சொல்கிறீர்கள் என்று கேட்பது வழக்கமாகிவிட்டது.

இருட்டு எந்த நாள் என்பதை அவர் பிறைக் கணக்கில் வைத்திருந்தார். பிறை இருபத்தொன்பது என்றால் இருட்டு. ஊரில் யாரைக் கேட்டாலும் இன்றைக்குப் பிறை எத்தனை என்று சொல்வார்கள். அதைவிட நிச்சயமான கணக்கு ஒன்று இருப்பதாக அவர் நினைத்ததே இல்லை.

அந்த வருடம் மழை முந்திக்கொண்டது. ஒவ்வொரு மாதமும் இருபத்தொன்பதாம் நாள் சூரியன் மறைந்ததும், மஃரிபுக்கு, மேற்கு வானத்தில் தலைப்பிறை தேடுவார்கள். கண்டால் புது மாதம் பிறக்கும். முகில் மூடிக் காணாவிட்டால், நடக்கிற மாதத்தை முப்பதாக நிறைவு செய்வார்கள். தொடர்ந்து மூன்று மாதம் நாட்டில் எங்கும் பிறை தென்படவில்லை. மூன்று மாதமும் முப்பது முப்பதாக நிறைந்தன. வணக்கத்துக்கு அதில் ஒரு குறையும் இல்லை. மார்க்கம் சொன்னதும் அதைத்தான்.

ஸைனம்பு வந்து போன அன்று மாலை, காலிதீனின் மனைவி நஸீறா பிளேன்ரீயைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, நீண்ட நேரமாக மனதில் கிடந்த ஒன்றைக் கேட்டார்.

"போயா லீவு இந்த முறை பிறை பன்னிரண்டுலயே வந்திட்டே. எப்பயும் பதினாலுலதானே வாற?"

"அது கலண்டர் அடிக்கிறவன்ட கணக்கு. நம்மட கணக்கு கண்ணால கண்டு எண்ணுற கணக்கு, புள்ள."

"எங்க கண்ட? மூணு மாசமா ஒரு பிறையும் ஒருத்தரும் காணல்லியே."

காலிதீன் சிரித்தார். இவளுக்கு எதிலும் ஒரு குறுக்குக் கேள்வி என்று சொல்லிவிட்டுத் தேநீரைக் குடித்தார். வெளியே ஓட்டில் மழை விழுந்துகொண்டிருந்தது. அவர் எழுந்துபோய் வாசல் படியில் நீர்மட்டத்தைப் பார்த்தார். காலையில் முதல் படியில் நின்ற தண்ணீர் இப்போது இரண்டாவது படியை நனைத்திருந்தது.

காத்திருந்த நாட்கள் நல்லவையாக இருக்கவில்லை. வெள்ளத்துக்கு மேலே தலைகாட்டிய நெல்நுனிகள் ஒவ்வொன்றாக உள்ளே போயின. வரம்புகளில் இடமில்லாமல் பாம்புகள் வாடிக் குடிசைகளுக்குள் ஏறின. மாடுகள் வீதியில் நின்று கத்தின. கடற்பக்கமிருந்து இரவும் பகலும் ஒரே இரைச்சல். அந்த இரைச்சல் இந்த மாரியில் கொஞ்சம் கிட்ட இருந்து கேட்கிறது என்று ஆட்கள் பேசிக்கொண்டார்கள். வாடைக் காற்று பலம் என்றார் காலிதீன். ஒரு நாள் ஜமாஅத் முடிந்து வெளியே வந்தவரைப் பள்ளிவாசல் முன்றலில் இளைஞர்கள் மறித்து, மண் அள்ளும் பெக்கோவைக் கொண்டுவந்து நாங்களே வெட்டிவிடவா என்று குரலை உயர்த்தினார்கள். அவர் கோபப்படவில்லை. சென்ற மாரிகளை நினைவூட்டினார். அவர்கள் முணுமுணுத்துக்கொண்டு கலைந்தார்கள். அவருடைய சொல் அவ்வளவு கனமாக இருந்தது.

பிறை இருபத்தொன்பது விடிந்தபோது மழை விட்டிருந்தது. வானம் மட்டும் ஈயம் போலத் தொங்கியது. முகத்துவாரத்தில் நூறு பேருக்கு மேல் கூடிவிட்டார்கள். மணல்மேட்டின் ஒரு பக்கம் வெள்ளம், மறுபக்கம் கடல். வெள்ளம் கடலைவிட உயர்ந்து, மேட்டின் விளிம்பு வரை வந்து, மண்ணிறமாக அசையாமல் நின்றது. கடலில் வரிசை வரிசையாக அலை. தூணைச் சுற்றி நுரை கொந்தளித்ததால் கோடுகளைப் படிப்பது எளிதாக இல்லை. காலிதீன் முழங்கால் வரை இறங்கி, அலை விலகும் ஒவ்வொரு தரமும் உற்றுப் பார்த்தார். கடல் அவருடைய இருட்டுக் கோட்டில் நின்றது. ஏறி முடிந்தது என்று அவர் எண்ணிய மட்டம் அதுதான். சூரியனும் முகிலுக்குப் பின்னால் தென்னை உயரத்தில் மங்கலாகத் தெரிந்தது. கணக்கும் கோடும் நேரமும் ஒன்றாகப் பொருந்தின. மனிதனுக்கு இதற்கு மேல் என்ன அத்தாட்சி வேண்டும்?

வாயின் வடக்கு ஓரத்தில் சாமித்தம்பியின் மீன்வாடி இருந்தது. பாண்டிருப்பில் பிறந்து, இந்தக் கரையிலேயே வலைபோட்டுக் கிழவனான மனிதர். அவர் வலையைச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு காலிதீனின் பக்கத்தில் வந்து நின்றார்.

"விதானையார், கடல் இன்னும் ஏறுது. திரும்பல்ல."

"கோட்டில நிக்கிது அண்ணன். நீங்க வாடிச் சாமானைத் தூக்குங்க."

"அமாவாசை முந்தாநாள் முடிஞ்சிட்டு. எங்கட வீட்ட அண்டைக்கு மரக்கறிச் சமையல். நான் பசியில கிடந்தது எனக்குத் தெரியாதா?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். ஒருவன், இறாலை விட்டுப் பிரிய அண்ணனுக்கு மனமில்லை என்றான். அதில் உண்மையும் இருந்தது. வாய் திறந்தால் ஓடைக்குள் வளர்ந்த இறால் எல்லாம் கடலுக்குப் போய்விடும். வெட்டாதே, இன்னும் கொஞ்சம் பொறு என்று மீன்காரர் சொல்வது எல்லா மாரியிலும் நடப்பது. காலிதீனும் அதை அப்படியே எடுத்துக்கொண்டார். சாமித்தம்பி இன்னொரு தரம் சொல்லவில்லை. வாடிக்குப் போய் அடுப்பையும் பாயையும் எடுத்து வெளியே வைத்தார்.

அந்த வட்டையில் ஒரு வழக்கம் உண்டு. ஆகப் பள்ளமான பூமியின் சொந்தக்காரர்தான் முதல் மண்ணை வெட்ட வேண்டும். வெள்ளத்தில் அதிகம் துன்பப்பட்டவர் அவர் என்பதற்காக. கணவர் இருந்த காலத்தில் ஸைனம்புவுக்காக அவர் வந்து வெட்டினார். பிறகு யாராவது ஒருவர் அவருக்காக வெட்டிவிடுவது வழக்கம். இந்த முறை ஸைனம்பு தானே வந்துவிட்டார். முந்தானையை இடுப்பில் செருகி, ஒருவருடைய கையிலிருந்து மண்வெட்டியை வாங்கினார். ஆண்கள் விலகி நின்றார்கள்.

"உன்ட பிறை வந்திட்டா தம்பி?" என்று கேட்டார்.

"வந்திட்டு ராத்தா. பிஸ்மி சொல்லி வெட்டுங்க."

அவர் வெட்டினார். பிறகு ஆண்கள் வெட்டினார்கள். பிறகு பெக்கோ தன் கையை நீட்டி மேட்டை இரண்டாகப் பிளந்தது.

தொடக்கம் எப்போதும் போலவே இருந்தது. சாண் அகலத்தில் தொடங்கிய தண்ணீர் முழ அகலமாகி, மணலை உருட்டிக்கொண்டு கடலை நோக்கி ஓடியது. இரண்டு கரையிலும் நின்றவர்கள் சலவாத்துச் சொன்னார்கள். காலிதீன் கடலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். இனி அது இறங்க வேண்டும். ஓர் அலை வந்தது, தூணின் கோடு மறைந்தது. அலை விலகியது, கோடு வெளிவரவில்லை. அடுத்த அலைக்கும் வெளிவரவில்லை. அவர் இன்னும் ஓர் அலைக்குக் காத்திருந்தார். பிறகு இன்னொன்றுக்கு.

ஓடிக்கொண்டிருந்த தண்ணீர் தயங்கியது. வாயின் நடுவில் மண்ணிறத் தண்ணீரும் பச்சைத் தண்ணீரும் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு சற்று நேரம் நின்றன. சத்தம் முழுவதும் அடங்கியது போல இருந்தது. அதன் பிறகு பச்சை உள்ளே வந்தது.

அது பாய்ந்து வரவில்லை. அவசரமில்லாமல் வந்தது. ஒவ்வோர் அலையும் முன்னதைவிடக் கொஞ்சம் தள்ளி வந்து, திரும்பிப் போகும்போது வெட்டிய கரையிலிருந்து ஒரு வண்டி மணலைப் பிடுங்கிக்கொண்டு போனது. பெக்கோக்காரன் இயந்திரத்தைப் பின்னால் எடுத்தான். வடக்கு ஓரம் சரிந்தது. சாமித்தம்பியின் வாடி ஒரு பக்கம் சாய்ந்து, கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, தண்ணீரில் உட்கார்ந்தது. ஆட்கள் மேட்டு வீதிக்கு ஓடினார்கள். யாருக்கும் உயிராபத்து இல்லை. கடல் ஓடை வழியே ஏறி, ஓடையை ஒட்டிய பள்ள வயல்களுக்குள் புகுந்து பரந்தது. வெள்ளம் வடியும் என்று காத்திருந்த நெல்லின் மேல் உப்பு ஏறியது.

ஏறக்குறைய இரண்டு மணித்தியாலத்துக்குப் பிறகு கடல் திரும்பியது. திரும்பியபோது காலிதீன் புத்தகத்தில் வாசித்த அத்தனையையும் அது செய்தது. வெள்ளமும் கடலுமாக மொத்தத் தண்ணீரும் ஒரே மூச்சில் வெளியே பாய்ந்தது. மணல்மேடு இருந்த இடத்தில் ஒரு பேருந்து குறுக்காகப் போகுமளவு அகலத்தில் வாய் திறந்தது. பிற்பகல் அஸர் தொழுகைக்குள் அது இரண்டு மடங்கானது. மேட்டு வயல்களில் நெல் தலை தூக்கி நின்றது. மேட்டுப் பூமிக்காரர் சிலர் வந்து காலிதீனின் கையைப் பிடித்து நன்றி சொன்னார்கள். அவர் அந்தக் கைகளைப் பிடித்தாரா இல்லையா என்று அவருக்கே தெரியாது.

அன்று மஃரிபுக்கு வானம் வெளித்தது. கரையில் நின்ற சனம் பிறை பார்க்கப் போன சனமில்லை, உடைந்த வாயைப் பார்க்கப் போனவர்கள். ஆனால் யாரோ ஒருவர் மேற்கே கைகாட்ட, எல்லோரும் திரும்பினார்கள். வயல்களுக்கு மேலே ரஜபு மாதத்துத் தலைப்பிறை தெரிந்தது. தேட வேண்டியிருக்கவில்லை. தலைப்பிறை என்பது அடிவானத்தில் நூல் மாதிரி ஒரு கீற்று. கண்ணை இடுக்கிப் பார்ப்பதற்குள் கீழே போய்விடும். இது தடித்து, உயர்ந்து, பளிச்சென்று நின்றது. மஃரிப் தொழுது வெளியே வந்தபோதும் நின்றது. இருட்டி வெகுநேரம் வரை இறங்கவில்லை.

மற்றவர்கள் அல்ஹம்துலில்லாஹ் என்றார்கள். காலிதீன் பிறையையே பார்த்தார். ஒரு நாள் பிள்ளைக்கும் நடக்கத் தொடங்கிய பிள்ளைக்கும் வித்தியாசம் தெரியாதவரில்லை அவர். இந்தப் பிறை பிறந்து இரண்டு நாளுக்கு மேல் ஆகிவிட்டது. முகில் மூடிய மூன்று மாதங்களில் ஊரின் கணக்கு சந்திரனுக்குப் பின்னால் நடந்திருக்கிறது. முப்பதாக நிறைவு செய்தது வணக்கத்துக்கு. கடலுக்கு அதை யாரும் சொல்லவில்லை. கடல் தன் இருட்டை முந்தாநாளே முடித்துக்கொண்டு, ஒரு நாளைக்கு முக்கால் மணித்தியாலத்துக்கு மேல் என்று பிந்திப் பிந்தி, அவர் வெட்டு என்று சொன்ன நேரத்தில் இன்னும் ஏறிக்கொண்டிருந்திருக்கிறது. நஸீறா கேட்டிருந்தார். சாமித்தம்பி சொல்லியிருந்தார். போயா லீவு எல்லோர் வீட்டுக் கலண்டரிலும் சிவப்பில் கிடந்தது.

வீட்டுக்கு வந்தவர் சோறு வேண்டாம் என்றார். நஸீறா, தான் கேட்ட கேள்வியை நினைவூட்டவில்லை. பிறகு வந்த எந்த நாளிலும் அதைப் பற்றிக் கதைக்கவுமில்லை. காலிதீனுக்கு அதுதான் தாங்க முடியாமல் இருந்தது.

அடுத்த வெள்ளிக்கிழமை, ஆஸ்பத்திரியில் தாதியாக வேலை செய்யும் றுக்ஸானா வந்திருந்தாள். அவளுடைய கைப்பேசியில் சந்திரனின் நாட்களைப் பார்க்கச் சொன்னார். ஊர்க் கணக்கில் பிறை இருபத்தேழு வந்த நாளில் இருட்டு என்றிருந்தது. அதற்குக் கீழே அவர் கேட்காத ஒன்றும் இருந்தது. சந்திரன் பூமியைச் சுற்றும் பாதை சரி வட்டமில்லை. மாதத்தில் ஒரு தடவை கிட்ட வரும், ஒரு தடவை தூரப் போகும். அந்த இருட்டில் அது ஆகக் கிட்ட வந்திருந்தது. கடல் அவருடைய கோட்டையும் தாண்டி ஏறியது அதனால். அவருடைய புத்தகத்தின் இரண்டு பக்கங்களில் அது இருக்கவில்லை.

"அடுத்ததையும் பாரு புள்ள" என்றார்.

அவள் விரலால் தள்ளித் தள்ளிப் பார்த்துச் சொன்னாள். அவர் இன்னொரு தரம் சொல்லச் சொன்னார்.

வாய் மூடவில்லை. மணல் மூட்டை அடுக்கப் பார்த்தார்கள், ஓட்டம் அவற்றை இழுத்துக்கொண்டு போனது. கோடை பிறந்து, காற்று மாறி, கடல் தானாகவே மணலைக் கொண்டுவந்து போடும் வரைக்கும் அது திறந்துதான் கிடக்கும் என்பது எல்லோருக்கும் தெரிந்தது. ஓடையோரத்து வயல்களில் நெல் நுனியிலிருந்து காயத் தொடங்கியது. நெருப்புக் காட்டியது போல ஒரு நிறம். தண்ணீர் வற்றிய இடங்களில் மண்ணின் மேல் வெள்ளை படிந்தது. சாமித்தம்பி வேறு இடத்தில் வாடி கட்டப் போய்விட்டார். வழியில் கண்டபோது காலிதீன் சைக்கிளை விட்டு இறங்கி நின்றார். சாமித்தம்பி தலையை மட்டும் ஆட்டிவிட்டு, கடலுக்கு ஆரு கணக்குச் சொல்லுற விதானையார் என்று சொல்லிக்கொண்டே நடந்தார். அதில் ஏளனம் இருந்ததா ஆறுதல் இருந்ததா என்று காலிதீனால் பிரிக்க முடியவில்லை.

விதானை வேலையை விட்டுவிடுகிறேன் என்று அவர் கூட்டத்தில் சொன்னார். யாரும் விடச் சொல்லவில்லை. பள்ளப் பூமிக்காரர் ஒருவர் எழுந்து, இப்ப நீங்க விட்டா அடுத்த தண்ணி வாற நாளை எங்களுக்கு ஆர் சொல்லுற என்று கேட்டார். அதற்குப் பிறகு கூட்டம் அவரை வேறொன்றும் கேட்கவில்லை.

அவர் ஸைனம்புவின் பூமிக்குப் போனது பாதிப் பிறை அன்று. அஸர் தொழுத கையோடு போனார். வெயில் இருந்தது. அந்த வெயிலிலேயே பாதிப் பிறை வெளிறிப்போய்த் தலைக்கு மேலே நின்றது. ஸைனம்பு தனியாக வரம்பை உயர்த்திக்கொண்டிருந்தார். மூன்று ஏக்கரில் மேட்டோரமாக ஒரு துண்டு மட்டும் பச்சையாக இருந்தது, அரை ஏக்கர் வருமோ என்னவோ. அதைச் சுற்றித்தான் மண் போட்டுக்கொண்டிருந்தார். காலிதீன் வந்து நின்றதைக் கண்டும் நிமிரவில்லை. வெட்டிய நாளுக்குப் பிறகு அவர் தம்பியோடு ஒரு சொல்லும் கதைத்திருக்கவில்லை.

காலிதீன் சொல்வதற்கென்று பல வசனங்களைக் கொண்டுவந்திருந்தார்.  ஓடைப் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார். ஓடையில் தண்ணீர் அமைதியாக இருந்தது. பாதிப் பிறைக் கடல், சோம்பல் கடல்.

ஸைனம்பு கடைசியில் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு நிமிர்ந்தார். மேலே நின்ற பிறையை முகவாயால் காட்டினார்.

"இது நிறையக்குள்ள கடல் வருமா?"

"வரும். ஆனா இந்தப் போயாக்குக் கொஞ்சம்தான் ராத்தா. நிலா தூரப் போயிரும். இந்த வரம்பு தாங்கும்."

"அப்ப?"

"அதுக்கு அடுத்த இருட்டுக்குத்தான் பெருசு. நிலா திரும்பக் கிட்ட வரும்."

"எவ்வளவு பெருசு?"

காலிதீன் குனிந்து, அவர் போட்டிருந்த வரம்பின் தலையில் கையை வைத்தார். பிறகு கையை மெல்ல உயர்த்தினார். கை அவருடைய முழங்காலுக்கு மேலே போய் நின்றது.

ஸைனம்பு அந்தக் கையைப் பார்த்தார். நிறையப் போகும் நிலவை ஊரே பார்க்கும், பிள்ளைகளுக்குக் காட்டும். கடல் வரப்போவது அந்த நிலவுக்கல்ல, நிலவு யார் கண்ணிலும் படாத நாளுக்கு. தேடிப் பார்த்து எச்சரிக்கையாக இருக்கவும் வானத்தில் ஒன்றும் இருக்காது.

"அந்த நாளை இந்த முறை எந்தக் கணக்கில பாத்த?"

"ரெண்டிலயும் பாத்தன்."

ஸைனம்பு மண்வெட்டியைத் தம்பியின் பக்கம் நீட்டினார். காலிதீன் வாங்கிக்கொண்டு, சாரத்தை மடித்துக் கட்டி, பச்சைத் துண்டுக்கு வெளியே ஒரு சாண் தள்ளி வெட்டத் தொடங்கினார். மேல் மண்ணை எடுத்ததும் குழியில் தண்ணீர் ஊறியது. அவர் விரலை நனைத்து நாக்கில் வைத்துப் பார்த்தார்.

"என்ன?" என்றார் ஸைனம்பு.

அவர் அந்த மண்ணை ஒதுக்கிப் போட்டுவிட்டு, பச்சையை நோக்கி இன்னும் ஒரு சாண் உள்ளே தள்ளி வெட்டினார்.